ஆறாவது கிண்ணம்

ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த வீடு. உங்கள் கை தவறி அங்கே ஒரு கிண்ணம் உடைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் பார்க்கவில்லை. என்ன செய்வீர்கள்?

'இதிலென்ன யோசனை, சொல்லிவிடுவேன்' என்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துச் சிரிப்புத் துணுக்குகளுக்குப் போகலாம். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு விநாடியாவது தயங்கியவர்கள் மட்டும் கொஞ்சம் உட்காருங்கள்.

கிண்ணம் உடைந்த இடம் பிரான்ஸ். பாரிஸ் இல்லை; பிரான்ஸின் நடு வயிற்றில், க்ரூஸ் மாவட்டத்தில் பூர்கனஃப் என்று ஒரு சிற்றூர். லிமோஜ் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு அளவில். பாரிஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் ஏற்பாடு செய்தான். "ஈஃபில் டவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாச்சு இல்ல மாமா? இனிமே நிஜமான பிரான்ஸைப் பாருங்க" என்று ஒரு செப்டம்பர் மாதச் சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் என் மனைவியையும் அங்கே இறக்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்பிப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வந்து அழைத்துப்போவதாக ஒப்பந்தம். அங்கே எல்லாமே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான். நாலு மணிக்கு மேல் சாவி கொடுப்பார்கள், பத்து மணிக்குள் காலி செய்துவிட வேண்டும்.

இந்த மாதிரி கிராமத்து விடுமுறை வீட்டுக்குப் பிரெஞ்சில் 'ழீத்' என்று பெயர். ராத்திரி தலைசாய்க்கும் இடம் என்று அர்த்தம். முயல் புல்லுக்குள் பள்ளம் பறித்துப் படுத்திருக்குமே, அதற்கும் இதே சொல்தான். எங்கள் முயல் பள்ளம் கருங்கல் வீடு. கீழே சமையலறையும் கூடமும், மேலே இரண்டு அறைகள், மரக்கதவு போட்ட ஜன்னல்கள், விறகு அடுப்பு. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவர் வீடு. அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம். எனக்கு எப்போதோ ஆறு மாதம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட பிரெஞ்சு. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு வாக்கியம் தேறும்.

முதல் நாள் அவர் கொடுத்த காகிதங்களைப் பார்த்து எனக்கு லேசாகக் கோபம் வந்தது. வாடகை தனி. படுக்கை விரிப்பு வேண்டுமானால் தனி. விறகு தனி. போகும்போது வீட்டை நாமே கூட்டித் துடைக்காவிட்டால் அதற்குத் தனி. இது போதாதென்று, ஊரில் தங்குவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி. 1910-ல் சட்டம் போட்டு ஆரம்பித்தது, இன்னும் வசூலிக்கிறார்கள். கடைசியாக வீட்டுச் சாமான் பட்டியல். கரண்டி பன்னிரண்டு, கத்தி பன்னிரண்டு, ஒயின் கிளாஸ் எட்டு, காலைக் காபிக் கிண்ணம் ஆறு. அங்கே காலையில் பால் காபியைக் கைப்பிடியில்லாத கிண்ணத்தில் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பது வழக்கம். ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்ள முந்நூறு யூரோவுக்கு அக்கா மகன் ஒரு செக் எழுதிக் கொடுத்தான்.

'விருந்தாளியிடம் கரண்டியை எண்ணிக் கொடுப்பார்களா?' என்று என் மனைவி கேட்டாள். சமைத்த சோற்றை விற்பதா என்று கூசிய தலைமுறையில் பிறந்தவள். சத்திரமும் திண்ணையும் கண்ட ஊர்க்காரி.

ஆனால், யோசித்துப் பாருங்கள். எண்ணிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள், தெரியும். அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் எழக்கூடாது, அவர்கள் எழுந்த பிறகு தூங்கக்கூடாது. 'இன்னும் ஒரு இட்லி' என்பது உபசாரமா, உத்தரவா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் கடன் தீராது. அவர்கள் மகளின் கல்யாணத்துக்கு நாம் கொடுக்கும் மொய்யில் அந்த ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும். பணம் கொடுத்துத் தங்கினால் இந்தத் தொல்லை கிடையாது. பத்து மணி வரை தூங்கலாம். யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டாம். 'காசு கொடுத்தாச்சு' என்ற இரண்டு வார்த்தை நம்மை எவ்வளவு பெரிய பாரத்திலிருந்து இறக்கிவிடுகிறது! பணத்தைத் திட்டுகிறவர்கள் இந்த விடுதலையை மறந்துவிடுகிறார்கள். நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை காலை பதினோரு மணி வரை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. கையில் ஒரு சின்னக் கூடை. ஆறு முட்டை, ஒரு பாட்டில் பிளம்ஸ் பழ ஜாம். வீட்டுக் கோழி, தோட்டத்து மரம் என்று சைகையில் விளக்கினார். நான் என் ஆறு மாதப் பிரெஞ்சைத் திரட்டி, மிகச் சரியான உச்சரிப்பில் கேட்டேன்: "எவ்வளவு?"

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கடையில் தப்பான சில்லறை கொடுத்துவிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல. "இது சும்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார். உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "விலையா கேட்டீங்க?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை கிண்ணம் உடைந்தது.

வெள்ளைக் கிண்ணம். விளிம்பில் நீலத்தில் ஒரு கோடு, கொஞ்சம் மங்கியிருந்தது. கழுவும்போது வழுக்கித் தொட்டிக் கல்லில் மோதி மூன்று துண்டாகப் போயிற்று. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அடிப்பாகத்துத் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து நகரம் லிமோஜ் ஆயிற்றே, 1771-லிருந்து உலகத்துக்கே பீங்கான் செய்து அனுப்புகிற ஊர். முத்திரை இருந்தால் விலை எங்கேயோ போகும். முத்திரை இல்லை. 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சுக்காகத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கிண்ணத்துக்காக இல்லை.

தெருவைக் கடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பதினைந்து தப்படிதான். ஆனால் நேற்று முட்டைக்கு விலை கேட்டவன், இன்று உடைந்த கிண்ணத்தோடு எப்படிப் போய் நிற்பது? 'பட்டியல் இருக்கிறது, செக் இருக்கிறது, சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது கழித்துக்கொள்ளட்டும், இதற்காகத்தானே அதெல்லாம்' என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். துண்டுகளைப் பேப்பரில் சுற்றித் தெருக்கோடியில் இருந்த கண்ணாடிக் கழிவுத் தொட்டிக்கு எடுத்துப்போனேன். தொட்டியின் மேல் ஒரு படம். தட்டு, கிண்ணத்தின் மீது பெருக்கல் குறி. பீங்கானைப் போடக் கூடாதாம், கண்ணாடியோடு சேர்ந்து உருகாதாம். தொட்டிகூட வாங்க மறுத்துவிட்டது. சட்டைப்பை கனக்க ஊரைச் சுற்றினேன்.

சுற்றினால் எங்கே போனாலும் கண்ணில் படுவது ஒரு பழைய கோபுரம். உருண்டையாக, தடித்த கல் சுவரோடு. ஸிஸிம் கோபுரம் என்கிறார்கள். ஸிஸிம் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் மாட்டிய பெயர். அசல் பெயர் ஜெம். கான்ஸ்டான்டிநோபிளை 1453-ல் பிடித்த துருக்கிச் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் இளைய மகன். 1481-ல் அப்பா இறந்ததும் அண்ணன் பாயஸித்தோடு பட்டத்துக்குச் சண்டை. தோற்று ஓடி, 1482-ல் ரோட்ஸ் தீவில் இருந்த புனித ஜான் சபை வீரர்களிடம் அடைக்கலம் கேட்டார். வாருங்கள், எங்கள் விருந்தாளியாக இருங்கள் என்றார்கள். அந்தச் சபையின் தலைவர் இந்த க்ரூஸ் பக்கத்து ஆள், பியர் தொபுஸோன். அதனால்தான் ஒரு துருக்கி இளவரசர் கடைசியில் இந்த மழைக்காட்டு மூலையில் வந்து சேர்ந்தார். அவருக்காகவே கட்டிய கோபுரத்தில் 1488 வரை இருந்தார்.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வெளியே போக முடியாது. ஏனென்றால் தம்பியைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதற்காக அண்ணன் ஆண்டுதோறும் சபைக்குப் பொற்காசுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். விருந்தாளியின் பில்லை வேறொருவர் கட்டுகிறார், அவர் வீடு திரும்பாமல் இருப்பதற்காக! 1489-ல் இளவரசரை போப்பிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு தொபுஸோனுக்குக் கார்டினல் பட்டம் கிடைத்தது. ஜெம் 1495-ல் இத்தாலியில் இறந்துபோனார். ஊர் திரும்பியது உடல்தான்.

கோபுரத்தடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது, 'விருந்தாளி' என்ற வார்த்தையை இவர்கள் கடைசி வரை கைவிடவில்லை என்பதுதான். பணம் உள்ளே வந்தால் உபசாரம் வெளியே போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. உபசாரம் அங்கேயே, அதே நாற்காலியில், அதே சிரிப்போடு உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறியிருக்கும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்தால் தெருவில் மூன்று வீட்டில்தான் வெளிச்சம். மீதியெல்லாம் மரக்கதவு சாத்திக் கிடந்தது. இத்தனைக்கும் பிரான்ஸிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த ஊர்களில் இது ஒன்று. 1886-லேயே தெருவிளக்கு. 1889-ல் சில மைல்கள் தள்ளியிருந்த ஓர் அருவியிலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் கொண்டுவந்தார்கள். பெரிய நகரங்களெல்லாம் கேஸ் விளக்கில் திணறிக்கொண்டிருந்த காலம். அந்த ஊர் இன்றைக்கு ஏன் இருட்டில் கிடக்கிறது?

பாதிக் காரணம் விடுமுறை. பூட்டிய வீடுகளில் சில நகரத்துக்காரர்களின் இரண்டாவது வீடுகள். ஆகஸ்ட் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். பிரான்ஸ் முழுக்கப் பத்து வீட்டுக்கு ஒரு வீடு இப்படி. மீதிப் பாதிக்குக் காரணம் பழையது. இந்த மாவட்டத்தின் ஆண்கள் கொத்தனார்கள். நிலம் சோறு போடாததால் வசந்தம் வந்தவுடன் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குப் போவார்கள், குளிர்காலத்துக்குத் திரும்புவார்கள். அவர்களில் ஒருவர் மார்த்தான் நாதோ. பூர்கனஃபுக்குப் பக்கத்துக் குக்கிராமம். 1830-ல் பதினான்கு வயதில் அப்பாவோடு கிளம்பிப் பெரும்பாலும் நடந்தே பாரிஸ் போனவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகி, நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்து, தன் கொத்தனார் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். பாரிஸில் அந்தக் கொத்தனார்கள் தங்கிய வாடகை அறைகளில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். சாரத்தில் ஏறி உலகத்தின் அழகான நகரத்தைக் கட்டிவிட்டு, நெருக்கியடித்துத் தூங்கினார்கள்.

போகப் போக அவர்கள் குளிர்காலத்துக்குத் திரும்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் 1914 யுத்தம். ஊருக்கு ஊர் நடுகல் மாதிரி ஒரு நினைவுச்சின்னம், அதில் வரிசையாகப் பெயர்கள், ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை. காரில் முக்கால் மணி நேரத்தில் ழான்த்தியூ என்று ஒரு கிராமம். அங்கே சின்னத்தில் வீரன் சிலை இல்லை. மரச்செருப்பு போட்ட அநாதைப் பள்ளிப் பையன், ஒரு கையில் தொப்பி, மறுகை முஷ்டியை உயர்த்தி நிற்கிறான். கீழே 'போர் நாசமாய்ப் போகட்டும்' என்று செதுக்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாவட்டத்தில் இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் அளவில்.

கொத்தனார்கள் கட்டிய நகரத்திலிருந்து, அவர்கள் விட்டுப்போன வீடுகளில் ஓய்வெடுக்க நாம் வருகிறோம். கணக்கு எப்படித் திரும்பியிருக்கிறது பாருங்கள்.

இந்த ழீத் ஏற்பாடே அந்தக் காலியைத் தடுக்கத்தான் ஆரம்பித்தது. 1936-ல் பிரான்ஸின் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை கிடைத்தது. படிப்படியாக ஏறி 1982-ல் ஐந்து வாரம். விடுமுறை கிடைத்துவிட்டது, கடற்கரை ஓட்டலில் தங்கக் காசு? இன்னொரு பக்கம் கிராமங்களில் பண்ணை வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. தெற்கே ஆல்ப்ஸ் பகுதியைச் சேர்ந்த எமில் ஒபேர் என்ற செனட்டர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். வீட்டைப் பழுதுபார்த்து நகரத்துக்காரனுக்கு வாடகைக்கு விடு, வரும் காசில் விவசாயி ஊரிலேயே இருக்கட்டும் என்று. முதல் ழீத் 1951-ல், தேசிய அமைப்பு 1955-ல். விருந்தினருக்காகத் தொடங்கிய திட்டமல்ல அது, வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்காக.

அதனால் 'நாம் வந்து கிராமத்தைக் கெடுக்கிறோம்' என்று ஒரேயடியாக மார்பில் அடித்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. கடலோர ஊர்களில் விடுமுறை வீடுகளால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க இடம் கிடைக்காமல் போகிறது, அது உண்மை. ஆனால் பூர்கனஃபில் வீடுகள் வாங்க ஆளில்லாமல் கிடக்கின்றன. எங்கள் நூறு இருநூறு யூரோ அங்கே யாருக்கோ உதவியிருக்கும்.

என்னை உறுத்தியது வேறு. ரொட்டிக் கடை. தினமும் காலை ஏழரைக்கு நான் போவேன். உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர்' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'ஒரு ரொட்டி' என்று கேட்டால், ரொட்டி கிடைக்கும், முகம் கிடைக்காது. இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். வியாழக்கிழமை எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் அரை ரொட்டி வாங்கினார். தனி ஆள் போலிருக்கிறது. கடைக்காரப் பெண் அவருடைய முழங்கால் வலியை விசாரித்தாள். பின்னால் நின்ற நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம், ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. நான் ஒரு வாரம் வாங்கும் முழு ரொட்டியால் அந்தக் கடை நிற்காது. பிப்ரவரி மாதக் குளிரில், மழையில், அந்தப் பெரியவர் வாங்கும் அரை ரொட்டியால்தான் நிற்கிறது. நான் 'ஆஹா, என்ன அழகான ஊர்' என்று ரசித்த அத்தனையும் வருஷம் முழுக்க அங்கே இருந்து தொலைப்பவர்கள் கட்டிக் காப்பாற்றுவது. அந்த நாலு பக்கப் பட்டியலில் கரண்டி இருந்தது, கத்தி இருந்தது, இது இல்லை. இதற்கு நான் ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை.

'காசு கொடுத்தாச்சு' என்பதை முழுதாக நம்பியவர்களும் உண்டு. பிரான்ஸின் மேற்குக் கரையில் ஒலேரோன் என்று ஒரு தீவு. அங்கே மோரிஸ் என்ற சேவல் காலையில் கூவியது. சேவல் வேறென்ன செய்யும்? பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்த தம்பதி, தூக்கம் கெடுகிறது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சேவல் ஜெயித்தது! வழக்குப் போட்டவர்கள் சேவலின் எஜமானிக்கு ஆயிரம் யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு விடவில்லை. கிராமத்துச் சத்தங்களும் வாசனைகளும் அந்த மண்ணின் சொத்து என்று 2021 ஜனவரியில் பார்லிமென்ட் சட்டமே போட்டது. சேவல் கூவுவது, மாட்டுக் கழுத்து மணி, சாணி நாற்றம் எல்லாம் அதில் அடக்கம். நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தத் தம்பதி செய்த தப்பு என்ன? அமைதிக்குக் காசு கொடுத்தோம், அமைதி வரவில்லை என்றார்கள். வாடிக்கையாளராக அவர்கள் கேட்டது நியாயம். அவர்கள் ஓர் ஊருக்குள் வந்திருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

சமையலறை அலமாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முடியாது. முதல் நாள் திறந்தபோது கீழ்த்தட்டில் ஒரு டப்பா உப்பு, பாதி பாட்டில் எண்ணெய், சர்க்கரை, நாலைந்து டீ பை, காபி வடிகட்டும் தாள், மெழுகுவத்தி, தீப்பெட்டி. பட்டியலில் இவை எதுவும் கிடையாது. எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போனது. அவர்களுக்கு முன்னால் தங்கியவர்கள் அவர்களுக்கு. சனிக்கிழமை ராத்திரி கடையெல்லாம் அடைத்த பிறகு வந்து இறங்கிய எங்களுக்கு அந்த உப்பில்தான் ரசம் கொதித்தது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு உப்பு. நன்றி சொல்லவும் வழியில்லை, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

பிரெஞ்சில் விருந்து கொடுப்பவருக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான். யாரைச் சொல்கிறார்கள் என்பதைச் சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். (இந்த இடத்தில் ழாக் தெரிதாவை இழுக்காவிட்டால் சிறுபத்திரிகை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் இதைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்: நிபந்தனை போட்டாலே விருந்தோம்பல் குறைபட்டுப் போகிறது, ஆனால் நிபந்தனை இல்லாத வீடே கிடையாது என்று. கரண்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரோ என்னவோ.) நம்முடைய 'விருந்து' இன்னும் விசேஷம். பழந்தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவன்தான் விருந்தினன். தெரிந்தவனுக்கு இலை போடுவது கொடுக்கல் வாங்கல். திரும்ப வரவே போகாத ஒருவனுக்கு உப்பு வைத்துவிட்டுப் போவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி புது உப்பு டப்பா ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தாள். அதன் பக்கத்தில் கால் கிலோ அரிசி, பாதி மஞ்சள் பொடி. "வர்றவங்களுக்கு மஞ்சப்பொடி எதுக்கு?" என்றேன். "நமக்கு அந்தக் காபித் தாள் எதுக்குன்னு தெரியாமத்தானே முதல் நாள் முழிச்சோம்" என்றாள்.

அதே கடையில் நான் ஒரு கிண்ணம் வாங்கினேன். வெள்ளை. விளிம்பில் நீலக் கோடு, பளிச்சென்று. ஐந்து யூரோவுக்குள் முடிந்துவிட்டது. மற்ற ஐந்துக்கும் அடியில் வைத்து அடுக்கினேன். ஏன் அடியில் என்று கேட்காதீர்கள். என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா மகன் காரோடு வந்துவிட்டான். வீட்டுக்காரம்மாவும் வந்தார். கையில் பட்டியல் இருந்தது. நான் நேரே நின்றேன். அவர் கரண்டியை எண்ணவில்லை. கிண்ணத்தை எண்ணவில்லை. அலமாரியைத் திறக்கவே இல்லை. அடுப்புச் சாம்பல் அள்ளியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தார். "எல்லாம் நல்லபடி இருந்ததா?" என்றார். "இருந்தது" என்றேன். செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எண்ணியிருந்தாலும் ஆறு இருந்திருக்கும். கணக்கு சரி. எந்தக் கோர்ட்டிலும் நான் ஜெயிப்பேன், சேவலைவிடச் சுலபமாக. என்றைக்காவது ஒரு காலை அவர் அடுக்கைக் கலைக்கும்போது அந்தப் பளிச்சென்ற நீலக் கோட்டைப் பார்ப்பார். பார்த்ததும், உடைத்ததுகூடப் பெரிதில்லை, எதிர்வீட்டில் இருந்த என்னிடம் இவனால் சொல்ல முடியவில்லையா என்று நினைப்பார். அல்லது ஒன்றும் நினைக்காமல் அதில் காபி ஊற்றிக் குடிப்பார். எனக்கு எது நல்லது என்று இன்னும் தெரியவில்லை. பட்டியலை எடுத்து எண்ணி, கிண்ணம் குறைகிறது என்று பத்து யூரோ பிடித்துக்கொண்டு அனுப்பியிருந்தால் நான் காரில் ஏறியதும் தூங்கியிருப்பேன்.

கிளம்பும்போது ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தங்கியவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போகும் நோட்டு. புரட்டினேன். பிரெஞ்சு, ஆங்கிலம், டச்சு, ஒரு குழந்தை வரைந்த கோழி. நான் ஆங்கிலத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன். "வேண்டாம், உங்கள் எழுத்தில் எழுதுங்கள். அதைப் பார்க்க வேண்டும்" என்றார்.

எழுதினேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கிண்ணத்தை உடைத்துவிட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தது, அடியில் இருப்பது உங்களுடையதல்ல, முட்டைக்கு விலை கேட்டதற்கும் மன்னியுங்கள். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். அக்கா மகன் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவர் நோட்டை வாங்கி, தள்ளிப் பிடித்து, சுழியும் கொம்புமாக இருந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு, "என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நன்றி என்று" என்றேன்.

"இவ்வளவு நீளமாகவா?" என்று சிரித்தார்.